எந்த ஔவை என்று சொல்லிக் கொடுங்கள்: சேலம் மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டப் பள்ளிகளின் தமிழாசிரியப் பெருமக்களுக்கும், ஆண்டு விழாக்களையும் இலக்கிய மன்றப் போட்டிகளையும் நடத்தும் குழுவினருக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். வகுப்பறையிலோ வினாத்தாளிலோ பள்ளிச் சுவரிலோ மேடையிலோ 'ஔவையார்' என்ற பெயர் வரும்போதெல்லாம், அது எந்த ஔவையார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் தங்கையின் மகள் இந்த மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். ஔவையாரைப் பற்றிக் குறிப்பு வரைக என்ற வினாவுக்கு, அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறு வேறு காலத்தவர் என்று எழுதியிருந்தாள். அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இங்கே தேவையில்லை. அந்த ஆசிரியர் மட்டும் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் என் கவலை. வெள்ளை முடி, நெற்றியில் திருநீறு, கையில் கோல், வாயில் அறிவுரை என்று ஒரே ஒரு பாட்டியைத்தான் நம்மில் பெரும்பாலோர் ஔவை என்று அறிந்திருக்கிறோம். அந்தப் பாட்டி அதியமானிடம் கனி வாங்குகிறாள், முருகனிடம் நாவற்பழம் வாங்குகிறாள், கம்பரோடு வாதிடுகிறாள், சுந்தரரோடு கயிலைக்குப் போகிறாள், நடுவில் குழந்தைகளுக்கு ஆத்திசூடியும் எழுதுகிறாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ் வாழ்க்கையை ஒருத்தியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

பெயரொன்று ஆட்கள் பலர் என்பது உங்களுக்குப் புதிதன்று. கோட்டை மாரியம்மனைக் கும்பிடும் சேலத்தில் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டிலும் இரண்டு மூன்று மாரியப்பன்கள் இருப்பார்கள். தலைப்பெழுத்தைச் சொல்லித்தான் அவர்களை அழைக்கிறீர்கள். ஒருவன் வாங்கிய மதிப்பெண்ணை இன்னொருவனின் பெயருக்கு எதிரே எழுத மாட்டீர்கள். பெரியவடகம்பட்டியிலிருந்து புறப்பட்டு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பன் தங்கவேலுவை ஊரில் யாரும் வேறொரு மாரியப்பனோடு குழப்பிக்கொள்வதில்லை. பத்து வயதுப் பையனுக்குக் காட்டும் அந்தக் கவனத்தைத் தமிழின் மூத்த பெண்பாற் புலவர்களுக்கும் காட்டலாம்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் அந்தக் கவனத்தோடு இருந்தார்கள். கபிலர் வேறு, தொல்கபிலர் வேறு என்று பிரித்து எழுதி வைத்தார்கள். பரணர் ஒருவர், வன்பரணர் இன்னொருவர், நெடுங்கழுத்துப் பரணர் மற்றொருவர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று தந்தையையும் ஊரையும் சேர்த்தே எழுதினார்கள். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் ஔவையாருக்கு மட்டும் எந்த அடைமொழியும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் அறிந்த ஔவை ஒருவர்தான் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மற்ற ஔவைகள் பின்னால் வந்தார்கள். மூத்த பெண்ணை மதித்து அழைக்கும் சொல்லே இந்தப் பெயர் என்பதால், அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் பாடவல்ல பெண்களுக்கெல்லாம் அது வாய்த்தது. எத்தனை ஔவைகள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் சங்க காலத்து ஔவையும் நீதி நூல் ஔவையும் ஒருவரல்லர் என்பதில் இலக்கிய வரலாறு படித்த எவருக்கும் ஐயம் இருக்க முடியாது.

முதல் ஔவை நமக்கு மிக அருகில் வாழ்ந்தவர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அது நம் சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் அதியமான் நெடுமான் அஞ்சியின் நாடு. அவன் கதைமாந்தன் அல்லன். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று அவன் பெயரைக் கல்லில் வைத்திருக்கிறது. அந்த அஞ்சியின் அவையில் இருந்தவர், அவனோடு உண்டவர், அவனுக்காகத் தூது போனவர், அவன் இறந்தபோது அழுதவர் சங்க ஔவை. புறநானூறு, அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை நான்கிலுமாக 59 பாடல்கள் அவர் பெயரில் இருக்கின்றன.

அவற்றுள் ஒரு சிலவற்றையாவது மாணவர்களோடு சேர்ந்து படியுங்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் அவர் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நிற்கிறார். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலோடு வைத்திருக்கும் ஆயுதங்களை அவன் பெருமையோடு காட்டுகிறான். உன் வேல்கள் அழகாக இருக்கின்றன, என் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. ஒரு போரைப் பேச்சால் தடுக்கப் போன பெண் எதிரியின் வீட்டுக்குள் நின்று பேசிய பேச்சு இது. 206ஆம் பாட்டில் வாயில்காவலனிடம் கோபத்தோடு பேசுகிறார். அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, யாழை எடுத்துக்கொண்டோம், மூட்டையைக் கட்டிவிட்டோம், 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று சொல்லிக் கிளம்புகிறார். புலமையை நம்பி வாழ்ந்த ஒரு பெண்ணின் தன்மானம் இந்த வரியில் இருக்கிறது. குறுந்தொகையின் 28ஆம் பாட்டில், காதல் நோய் தாங்காமல், 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' என்று தூங்கும் ஊரையே எழுப்பத் துடிக்கும் தலைவியின் குரலை எழுதியவரும் இதே ஔவைதான்.

அவர் கோலூன்றிய கிழவி என்பதற்கு இந்தப் பாடல்களில் நான் சான்று எதையும் காணவில்லை. புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகை வேந்தன், உங்கள் நாட்டில் போரிட வல்லவர் இருக்கிறார்களா என்று கேட்கிறான். கேட்கும்போது எதிரே நிற்பவளை 'மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி' என்று விளிக்கிறான். மையுண்ட கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய இளம்பெண். விறலி என்றால் ஆடிப் பாடும் பெண். அந்த விறலி ஔவையேதானா, ஔவை படைத்த பாத்திரமா என்று வாதிடலாம். ஆனால் மாறுவேடப் போட்டிக்கு வரும் ஒவ்வொரு ஔவையின் தலையிலும் பஞ்சை ஒட்டி அனுப்புவதற்குச் சங்கப் பாடல் காரணமன்று.

இனி அடுத்த ஔவைக்கு வருகிறேன். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நான்கையும் பாடிய இவரைச் சோழர் காலத்தின் பிற்பகுதியில், பொதுவாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில், வைக்கிறார்கள். இவர் சங்க ஔவை அல்லர் என்பதை எட்டாம் வகுப்பு மாணவரே கண்டுபிடித்துவிட முடியும். நல்வழியின் கடைசி வெண்பாவைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

'தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் - கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.'

மூவர் தமிழ் என்றால் சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரம். கோவையும் திருவாசகமும் மாணிக்கவாசகர் அருளியவை. இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஒருவர் வெண்பா எழுதுகிறார் என்றால், அவர் எப்படி அஞ்சியின் கையால் நெல்லிக்கனி வாங்கியிருக்க முடியும்? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். காலவரிசையைப் பிள்ளைகளே போட்டுவிடுவார்கள். மனப்பாடத்தைவிட அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு இலக்கிய ஆராய்ச்சியைக் கற்றுக்கொடுக்கும்.

இருவரையும் ஒன்றாக்குவதால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். இருவர் மேலும் பொய் ஏறுகிறது. அதியமான் இறந்த பின் பாடிய புறம் 235இல் சங்க ஔவை நினைத்து அழுவதைப் பாருங்கள். 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.' கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான். எலும்போடு கூடிய இறைச்சி கிடைத்த இடமெல்லாம் எங்களுக்குத் தருவான். புலால் நாறும் என் தலையை மணம் கமழும் தன் கையால் தடவிக் கொடுப்பான். நட்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கையறுநிலைப் பாடல்களில் இதற்கு மேல் ஒன்றை நான் படித்ததில்லை. கொன்றை வேந்தன் பாடிய ஔவையோ 'நோன்பு என்பது கொன்று தின்னாமை' என்கிறார். இரண்டும் இரண்டு வாழ்க்கை, இரண்டு அறம், இரண்டு காலம். ஒருவராகக் காட்ட வேண்டுமென்றால் எதையாவது மறைத்தாக வேண்டும். பள்ளிகளில் நாம் மறைப்பது எப்போதும் கள்ளையும் ஊனையும் காதலையும்தான். அப்படிச் சங்க ஔவையின் பாதி உயிர் போய்விடுகிறது.

என்னை வருத்தும் இன்னொன்றும் உண்டு. ஆத்திசூடியில் 'தையல் சொல் கேளேல்' என்று ஒரு வரி இருக்கிறது. மனைவி சொல்வதை ஆராயாமல் ஏற்காதே என்று உரையாசிரியர்கள் சிலர் மென்மைப்படுத்துவார்கள். கொன்றை வேந்தனில் 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்றும் 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்' என்றும் வருகின்றன. இந்த வரிகளைக் கேட்டு வளரும் பெண் குழந்தை, வேந்தர்களிடம் தூது போன ஔவையே இப்படிச் சொன்னார் என்றல்லவா நம்புகிறாள்? தொண்டைமானின் முன்னால் தலை நிமிர்ந்து நின்றவரின் வாயில், பெண்ணுக்கு அறியாமைதான் நகை என்ற வரியை வைப்பது அநீதி. பாரதி புதிய ஆத்திசூடியில் 'தையலை உயர்வு செய்' என்று பதில் எழுதிவிட்டார். அந்தப் பதில் யாருக்கு, எந்தக் காலத்தின் கருத்துக்கு என்பது புரிய வேண்டுமென்றாலும் ஔவைகளைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இதற்காக நீதி நூல் ஔவையைக் குறைத்துப் பேச மாட்டேன். அகர வரிசையில் அறத்தை அமைத்து, எழுத்தும் ஒழுக்கமும் ஒன்றாக நாவில் ஏறும்படி செய்தது எளிய காரியமன்று. நூற்றாண்டுகளாகத் திண்ணைப் பள்ளிகளில் அவர் சொல் ஒலித்தது. இன்றும் சேலத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் 'அறம் செய விரும்பு' என்றுதான் குழந்தை தொடங்குகிறது. 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்று நல்வழியில் எழுதியவரும் அவரே. கொடுத்தவர் மேலோர், கொடாதவர் கீழோர், அவ்வளவுதான் சாதி என்று சொல்லக் கூடியவருக்கு இன்னொருவரின் புகழை இரவல் கொடுக்க வேண்டிய தேவை என்ன? அவரையும் அவருடைய காலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் துணிச்சல் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

விநாயகர் அகவல் பாடிய ஔவை இன்னும் வேறுபட்ட குரல். சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடே காணப்படவில்லை. அகவலோ 'மூலா தாரத்தின் மூண்டெழு கனலை' எழுப்பும் யோக நெறியைப் பேசுகிறது. சதுர்த்தியன்று ராஜகணபதி கோயில் வாசலில் அதை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். யோக அனுபவத்தை இவ்வளவு செறிவாகப் பாடிய பெண் ஒருவர் தமிழில் இருந்தார் என்று தனியாக எடுத்துச் சொன்னால் அவர்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!

என் மனக்குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. தமிழ் இலக்கிய வரலாற்றில் பெண்களின் பெயர்கள் குறைவு. சங்க காலத்தில் வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார் என்று ஒரு வரிசை நிற்கிறது. அதன் பிறகு காரைக்கால் அம்மையார், ஆண்டாள் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் மூன்று நான்கு பேரை ஒருத்திக்குள் திணித்துவிட்டால் மற்றவர்கள் இருந்த சுவடே தெரியாமல் போகிறது. தகடூரின் தூதர் ஒருவர், குழந்தைகளுக்கு எழுதிய ஆசிரியர் ஒருவர், யோகி ஒருவர், தனிப்பாடல்களில் வழிநடையாய் ஊர் சுற்றிக் கூழுக்கும் பாடிய ஒருவர். இவர்களைப் பிரித்துச் சொல்லும் ஒவ்வொரு வகுப்பும் தமிழுக்கு ஒரு பெண் புலவரைத் திருப்பிக் கொடுக்கிறது.

கதைகளில் வரும் ஔவையை என்ன செய்வது? அவரை விரட்டச் சொல்லவில்லை. மரத்தின் மேலிருக்கும் மாட்டுக்காரச் சிறுவன் சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று கேட்பதும், மண் ஒட்டிய நாவற்பழத்தை அவர் ஊதுவதும் நம் மக்கள் நெஞ்சில் வளர்த்த கதை. கருங்காலி மரத்தை வெட்டிய கோடரி வாழைத்தண்டிடம் தோற்றதே என்று அவர் பாடும் பாட்டு எனக்கும் பிடிக்கும். திருமணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் வேண்டி இளமையைத் துறந்து முதுமை பெற்றார் என்ற கதையில், தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் ஒரு பெண்ணின் ஆசை பதிந்திருக்கிறது. அந்தக் கதையைக் கதையாகவே சொன்னால் அதன் அழகு கூடுமே தவிரக் குறையாது.

கதையை வரலாறாக்கும்போதுதான் விபரீதம் வருகிறது. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த ஏழு குழந்தைகள் என்று ஒரு கதை உண்டு. அதில் ஔவை, வள்ளுவர், கபிலர், உப்பை, உறுவை, வள்ளி, அதிகமான் எல்லாரும் உடன்பிறந்தவர்கள். கனி கொடுத்த வேந்தன் தம்பியாகிவிடுகிறான். இன்னொரு கதையில் பாரி மகளிரான அங்கவை, சங்கவைக்கு ஔவை முன்னின்று திருக்கோவலூரில் மணம் முடித்து வைக்கிறார். புறநானூற்றில் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றவர் கபிலர். நண்பன் இறந்தபின் அவன் பிள்ளைகளுக்காக வாசல் வாசலாக அலைந்த கபிலரின் துயரத்தை ஔவையின் கணக்கில் எழுதினால் இருவருக்கும் நன்மை இல்லை.

நம் மனத்தில் இருக்கும் ஔவையின் முகம் எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1953இல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'ஔவையார்' படத்தில் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். கணவர் கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு வெள்ளைச் சேலையும் திருநீறுமாக வாழ்ந்தவர் அவர். அந்தக் கோலமும் கணீரென்ற குரலும் ஔவையின் மேல் படிந்துவிட்டன. அவருக்கு முன்பே நாடக மேடையில் டி.கே. சண்முகம் ஔவையாக வேடமிட்டுப் புகழ்பெற்று, 'ஔவை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டார். ஆண் ஒருவர் அந்தப் பெயரைப் பட்டமாகச் சுமந்தார் என்பது எவ்வளவு பெரிய மரியாதை! புறநானூற்றுக்கு உரை எழுதிய ஔவை துரைசாமிப் பிள்ளைக்கோ அந்தப் பெயர் ஊரால் வந்தது. அவர் பிறந்தது ஔவையார்குப்பம். ஔவையின் பாட்டுக்கு உரை சொன்ன ஔவை. இதையெல்லாம் கேட்டால் பிள்ளைகள் சோர்ந்து போவார்களா? இன்னும் சொல்லுங்கள் என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பழக்கம் ஔவையோடு நிற்கவும் வேண்டாம். சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரரான ஏ.பி. நாகராஜன் 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் நக்கீரராகத் தாமே நடித்தார். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று நிற்கும் அந்த நக்கீரரைத் தெரியாத வீடு நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் பாசறையில் தூக்கமின்றி நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து நடக்கும் அரசனை நெடுநல்வாடையில் எழுதிய நக்கீரரை எத்தனை பேருக்குத் தெரியும்? பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் ஒருவர் தனியாக இருக்கிறார். கபிலதேவ நாயனாரும் பரணதேவ நாயனாரும் அங்கேயே இருக்கிறார்கள். பெயரைப் பார்த்ததும் சங்கப் புலவர்களென்று எண்ணிவிடுகிறோம்.

பெயர்ப் பொருத்தத்தை நம் முன்னோர் எவ்வளவு ரசித்தார்கள் என்பதற்கும் நம் மலைகளே சான்று. கொல்லி மலையை ஆண்ட ஓரியின் குதிரைக்கும் ஓரி என்று பெயர். அவனைக் கொன்ற முள்ளூர் மன்னன் காரியின் குதிரைக்கும் காரி என்று பெயர். சிறுபாணாற்றுப்படை 'காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரியும்' என்று நான்கு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, யார் குதிரை யார் மன்னன் என்பதில் சற்றும் குழப்பம் இல்லாமல் நகர்கிறது. ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வெகு சுலபமாகப் புரியும். சேர்வராயன் என்பது அவர்கள் வாழும் மலை. குகைக்கோயிலுக்குள் இருக்கும் சாமியும் சேர்வராயன்தான். எப்போது மலையைச் சொல்கிறோம், எப்போது சாமியைச் சொல்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு நெல்லிக்கனிப் பாட்டை நடத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். புறம் 91, 'பெருமலை விடரகத்து' அரிதாகக் கிடைத்த நெல்லி என்கிறது. மலையின் பெயரைச் சொல்லவில்லை. அது எங்கள் சேர்வராயன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பாட்டில் இல்லாததை நாமே சேர்த்தால், கதையையும் வரலாற்றையும் பிரியுங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்காது.

இப்போது உங்களிடம் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'ஔவையார் இயற்றிய நூல்கள் யாவை' என்று மொட்டையாகக் கேட்பதை நிறுத்துங்கள். 'சங்க கால ஔவையார்' என்றோ 'ஆத்திசூடி பாடிய ஔவையார்' என்றோ வினாவிலேயே எழுதுங்கள். பள்ளிச் சுவரில் ஔவையின் ஓவியம் இருந்தால் அதன் கீழே காலத்தையும் நூலையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சென்னைக் கடற்கரையில் 1968இல் வைத்த சிலையும் கோலூன்றிய கோலம்தான். அதைப் பார்த்து வரைந்த ஓவியத்தின் கீழே புறநானூற்று வரியைப் பொறிக்காதீர்கள். மார்ச் 8ஆம் நாள் அரசு ஔவையார் விருது வழங்கும் செய்தி வரும்போது, காலை வணக்கக் கூட்டத்தில் அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் யார் யார் என்று ஒரு மாணவியைப் பேச வையுங்கள். மாறுவேடப் போட்டியில் ஒரு குழந்தையை விறலியாக, தோளில் யாழோடு மேடையேற்றுங்கள். வாயிலோயே வாயிலோயே என்று அவள் காவலனை அதட்டட்டும். ஔவை என்றால் முடி நரைத்திருக்க வேண்டும் என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.

நேரமில்லை, பாடத்திட்டம் நெருக்குகிறது என்பீர்கள். நாற்பது பேர் நிரம்பிய வகுப்பில் ஒரு பாடவேளைக்குள் எவ்வளவுதான் முடியும் என்று எனக்குத் தெரியும். இதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம். பெயருக்கு முன்னால் ஒரே ஒரு சொல் போதும். 'சங்க' என்றோ 'நீதிநூல்' என்றோ 'அகவல்' என்றோ 'கதை' என்றோ சொல்லுங்கள். கரும்பலகையில் நான்கு எழுத்து கூடும், அவ்வளவே.

இந்த ஆண்டின் இலக்கிய மன்றப் போட்டிகளுக்கு அறிவிப்பு அச்சிடும்போது, 'ஔவையார்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லையும் சேர்த்து அச்சிடுங்கள். விடைத்தாளில் எந்தப் பிள்ளையாவது இரண்டு ஔவைகளைப் பிரித்து எழுதியிருந்தால் அந்த வரிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு தமிழ் வாசகி